இடம் மாறிய அஞ்சல் சர்வரும் அடையாளச் சோதனையும்

அலுவலகங்கள், கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்கள் முதலியவற்றில் மின்னஞ்சல் போக்குவரத்தை நடத்திவரும் கணினி அஞ்சல் சர்வர் எனப்படும். எல்லா யந்திரங்களையும் போல இதுவும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது. உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதாகிறது. அதில் இயங்கும் நிரல்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவருவதும் நின்றுவிடுகிறது. ஆகையால் புதிய யந்திரம் ஒன்றை அமைத்து, பழையதில் உள்ளவற்றை அதற்கு மாற்றவேண்டிய அவசியம் ஏற்படுகிறது.

இம்மாற்றம் பெரும்பாலும் விடுமுறை நாளில் நடைபெறும். கோப்புகள் யாவும் பிரதி செய்யப்பட்டு, எண்ணிக்கையும் அளவும் ஒப்புநோக்கப்படும். எல்லாம் சரியாகவே காணப்படும். ஆயினும் மறுநாட் காலையில் ஊழியர்கள் தங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தால் சர்வர் அதை ஏற்க மறுக்கிறது. கடவுச்சொல் மாறவில்லை, நிரல்களும் அவையே. அங்ஙனமிருக்க, நேற்று வரை சரியாக இருந்த சொல் இன்று தவறானதெப்படி?

இதற்கு விடை, அடையாளச் சோதனை என்பதன் இயல்பிலேயே அடங்கியுள்ளது. அது ஏதோ ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்ட பொருளன்று. தனித்தனியே இயங்கும் பல நிரல்கள் தமக்குள் கொண்டிருக்கும் உடன்பாடுகளின் தொகுதியாகும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை உதாரணமாகக் கொள்ளலாம். பணம் எடுக்க வருபவரின் கையொப்பம் அங்கே உள்ள மாதிரிக் கையொப்பத்துடன் ஒப்பிடப்படுகிறது. அலுவலகம் வேறு கட்டடத்திற்குப் பெயரும்போது மாதிரிக் கையொப்பங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அவை எந்த அலமாரியில் உள்ளன, அதன் சாவி எவரிடம் உள்ளது என்பவற்றைச் சாளரத்தில் அமர்ந்துள்ள எழுத்தர் அறிந்திருத்தல் வேண்டும். இல்லையெனில் கையொப்பம் சரியாக இருந்தும் பணம் கிடைக்காது. சர்வரின் நிலையும் இதுவே.

சோதனை தோன்றிய வரலாறு

மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி எடுத்துச் செல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை ஜானதன் பாஸ்டல் 1982ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டார். அதில் அனுப்புவோர் யார் எனச் சோதிக்கும் வழி ஏதும் இல்லை. அந்நாளில் வலையமைப்பில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக் கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமே. ஒரு சர்வரிடம் கடிதத்தைக் கொடுத்தால், அது எவரிடமிருந்து வந்தாலும், எவருக்கு உரியதாயினும், அதை ஏற்று உரிய இடத்திற்கு அனுப்புவது அக்கால மரபு. இவ்வாறு பிறருக்காக ஏற்று அனுப்புதல் ரிலே எனப்படும்.

1990ஆம் ஆண்டுகளில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர் இம்மரபு பெருந்தொல்லைக்கு இடமளித்தது. விளம்பரக் குப்பைகளை அனுப்புவோர் பிறருடைய சர்வர்கள் வாயிலாக அவற்றை இலட்சக்கணக்கில் அனுப்பலாயினர். எனவே, அடையாளம் காட்டியவருக்கு மட்டுமே ரிலே செய்யவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. பல நெறிமுறைகளுக்கும் பொதுவான அடையாளச் சோதனை அமைப்பாகிய சாஸல் 1997இல் வகுக்கப்பட்டது. பயனர்கள் தம் கடிதங்களைச் சமர்ப்பிப்பதற்கென்றே 587 என்னும் எண்ணுடைய தனி வாயில் 1998இல் குறிக்கப்பட்டது. எஸ்.எம்.டி.பி.யில் சாஸல் முறையைக் கையாளும் விதி 1999இல் வெளியாகி, 2007இல் திருத்தி அமைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்புக்குரிய 465ஆம் வாயிலை 2018இல் வெளியான விதி பரிந்துரைக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். அடையாளச் சோதனை, அஞ்சல் நிரலோடு உடன் பிறந்ததன்று. பின்னர் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பொருத்தப்பட்டது. பொருத்தப்பட்ட இடங்களிலேயே பழுதுகள் மிகுதியாகத் தோன்றுகின்றன.

சங்கிலியின் கண்ணிகள்

லினக்ஸ் சர்வர்களில் பரவலாக உபயோகத்தில் உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். கடிதங்களை ஏற்று அனுப்பும் பணியைப் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் நிரல் செய்கிறது. இது ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் வீட்ஸே வெனமா என்பவரால் எழுதப்பட்டு 1998இல் வெளியிடப்பட்டது. வந்த கடிதங்களைப் பயனர்கள் படிக்கச் செய்யும் பணி, பின்லாந்து நாட்டவரான டீமோ சிரைனென் எழுதி 2002இல் வெளியிட்ட டவ்காட் என்னும் நிரலுடையது. போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லைத் தானே சோதிப்பதில்லை. அப்பணியை டவ்காட்டிடமோ, கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் உருவான சைரஸ் சாஸல் என்னும் தொகுதியிடமோ ஒப்படைக்கிறது.

பயனர் ஒருவர் கடிதம் அனுப்பும்போது பின்வரும் ஐந்து நிகழ்ச்சிகள் முறையே நடைபெறுகின்றன. முதலாவதாக, சர்வரின் பெயர் எண் முகவரியாக மாற்றப்பட்டு, அந்த யந்திரத்துடன் இணைப்பு ஏற்படுகிறது. இரண்டாவதாக, சர்வர் தன் சான்றிதழைக் காட்ட, இணைப்பு மறையாக்கம் பெறுகிறது. மூன்றாவதாக, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போஸ்ட்ஃபிக்ஸ் பெற்று, சோதிக்கும் நிரலுக்கு அனுப்புகிறது. நான்காவதாக, அந்நிரல் கடவுச்சொற் கோப்பைப் பார்த்து ஒப்பிடுகிறது. ஐந்தாவதாக, ஒப்பீடு சரியானால் அப்பயனருக்குரிய உரிமைகள் வழங்கப்படுகின்றன. இவ்வைந்து கண்ணிகளில் எது அறுந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றே: நுழைய இயலவில்லை. ஆகவே எந்தக் கண்ணி அறுந்தது என்பதை நிர்ணயிப்பதே விசாரணையின் முதற் பணியாகும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கடிதங்களைப் படிக்க முடிகிறதா, அனுப்ப மட்டும் இயலவில்லையா என்று பார்த்தல் வேண்டும். படிக்க முடிந்தால், டவ்காட் கடவுச்சொற் கோப்பைச் சரியாகவே வாசிக்கிறது எனக் கொள்ளலாம். பழுது பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் சோதிக்கும் நிரலுக்கும் இடையில் உள்ளது. படிப்பதும் இயலாவிடில், கடவுச்சொற் கோப்பையோ சான்றிதழையோ முதலில் ஐயுற வேண்டும். சிலருக்கு மட்டும் இயலாவிடில், அவர்களிடையே பொதுவானது எது என ஆராய்தல் வேண்டும்.

மறுமொழி எண்கள் கூறுவது

எஸ்.எம்.டி.பி. சர்வரின் ஒவ்வொரு மறுமொழியும் மூன்று இலக்க எண்ணுடன் தொடங்கும். 235 என்பது சோதனை வெற்றி பெற்றதைக் குறிக்கும். 535 என்பது கொடுத்த பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பதாம். 454 என்பது சர்வரிலேயே தற்காலிகக் கோளாறு உள்ளது என்பதாம். 530 என்றால் அடையாளம் காட்டாமலே கடிதம் அனுப்ப முயன்றதாகப் பொருள்படும். 538 என்றால் மறையாக்கம் இல்லாத இணைப்பில் அம்முறையை ஏற்பதற்கில்லை என்பதாம்.

இவ்வெண்களைக் கவனியாமல், 'கடவுச்சொல் தவறு' எனப் பயனரின் திரையில் தோன்றும் சொற்களை மட்டும் நம்புதல் கூடாது. மேலும், எல்லா நிரல்களும் இவ்வேறுபாட்டை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை. சோதிக்கும் நிரலை அணுகவே இயலாத நிலையிலும் 535 எனக் கூறிவிடும் அமைப்புகள் உள. அன்றியும், காரணத்தை விவரிக்காதிருப்பது பாதுகாப்பை முன்னிட்டுச் செய்த ஏற்பாடுமாகும். பெயர் தவறா, கடவுச்சொல் தவறா எனச் சர்வர் வெளிப்படையாகக் கூறினால், எந்தப் பெயர்கள் அங்கே உள்ளன என்பதை அயலார் எளிதில் அறிந்துகொள்வர்.

ஆதலின், உண்மைக் காரணத்தைச் சர்வரின் நிகழ்ச்சிப் பதிவேட்டில்தான் காணவேண்டும். பயனர் முயன்ற அதே நேரத்தில் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று பார்ப்பது, பல மணி நேர ஊகத்தைக் காட்டிலும் பயனுடையது. பதிவேட்டில் அந்நேரத்திற்குரிய வரி எதுவுமே இல்லையெனில், அதுவும் ஒரு செய்திதான்: பயனரின் நிரல் இந்த யந்திரத்தை வந்து அடையவே இல்லை.

சுவருக்குள் இருக்கும் நிரல்

அனுப்புவதில் மட்டும் தோல்வி ஏற்படுவதற்கு அடிக்கடி காரணமாவது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகும். வெளியுலகத்துடன் நேரே பேசும் நிரலை யாரேனும் கைப்பற்றிவிட்டால் கணினி முழுவதும் அவர் வசமாகாதபடி, அந்நிரலை ஒரு கோப்புறைக்குள் அடைத்து வைப்பது யூனிக்ஸ் உலகில் பழைய வழக்கம். அடைக்கப்பட்ட நிரலுக்கு அக்கோப்புறையே உலகம் முழுவதுமாகத் தோன்றும். அதற்கு வெளியே உள்ள எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. டெபியன் லினக்ஸின் வெளியீடுகள் பலவற்றில், கடிதங்களை ஏற்கும் போஸ்ட்ஃபிக்ஸ் பகுதி, நிறுவும்போதே இவ்வாறு அடைக்கப்பட்டு வந்தது. வேறு பல லினக்ஸ் வகைகளில் இவ்வேற்பாடு இல்லை.

சைரஸ் சாஸல் தொகுதியின் சோதனை நிரல், பிற நிரல்கள் தன்னை அணுகுவதற்காக சாக்கெட் என்னும் தொடர்பு முனையை ஒரு கோப்புறையில் வைக்கிறது. பழைய யந்திரம் அடைப்பில்லாத வகையைச் சேர்ந்தது. புதியது அடைப்புள்ளது எனக் கொள்வோம். அமைப்புக் கோப்புகளை எழுத்துப் பிசகாமல் பிரதி செய்திருந்தாலும், போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் இடத்தில் சாக்கெட் இராது. அது சுவருக்கு வெளியே இருக்கிறது. இதற்குப் பரிகாரம், அடைப்புக் கோப்புறையின் உள்ளேயே சாக்கெட்டை அமைக்கும்படி சோதனை நிரலுக்குக் கட்டளையிடுவதாகும்.

இவ்வழியில் இரண்டாவது தடை ஒன்றும் உண்டு. டெபியனில் அந்தச் சாக்கெட்டை அணுகும் உரிமை, சாஸல் என்னும் குழுவின் உறுப்பினருக்கு மட்டுமே உரியது. போஸ்ட்ஃபிக்ஸ் எந்தப் பெயரில் இயங்குகிறதோ அப்பெயரை அக்குழுவில் சேர்த்தல் வேண்டும். சேர்த்த பின் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி மீண்டும் தொடங்கவும் வேண்டும். ஏனெனில் ஒரு நிரல் தன் குழு உறுப்புரிமையைத் தொடங்கும்போதுதான் பெறுகிறது.

இவ்விரு பழுதுகளையும் பதிவேடு தெளிவாக வேறுபடுத்திக் காட்டும். 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று எழுதியிருந்தால் சாக்கெட் இருக்கும் இடம் தவறு. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றிருந்தால் இடம் சரி; உரிமைதான் இல்லை. முதற் செய்தி நீங்கி இரண்டாவது தோன்றுமானால் அது முன்னேற்றமேயாகும். ஒரு தடை கடக்கப்பட்டு அடுத்தது எதிர்ப்பட்டுள்ளது.

சோதனை நிரலைத் தனியே சோதிப்பதற்கென ஒரு சிறு கருவி அத்தொகுதியில் உள்ளது. அதில் வெற்றி கிடைத்தால், கடவுச்சொற் கோப்புடன் உள்ள இணைப்பு சரியாக உள்ளது என்பது மட்டுமே நிரூபணமாகும். போஸ்ட்ஃபிக்ஸ் அந்நிரலை அணுக முடிகிறதா என்பதை அது காட்டாது. ஏனெனில் அக்கருவி சுவருக்கு வெளியே நின்று சோதிக்கிறது. இவ்வேறுபாட்டை உணராதவர், 'சோதனை சரி, சர்வர் தவறு' என மயங்குவர்.

கடவுச்சொல் மாற்றுருவில் வாழ்கிறது

எந்தக் கணினியும் கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதிவைத்தல் ஆகாது. யூனிக்ஸில் இதற்கான முறையை ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். கடவுச்சொல், திரும்பப் பெற இயலாத ஒரு கணித மாற்றத்துக்கு உட்படுத்தப்பட்டு, விளைவு மட்டும் சேமிக்கப்படுகிறது. இவ்விளைவு ஹாஷ் எனப்படும். ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் ஹாஷ்கள் வேறுபடும்படி, ஒவ்வொன்றிலும் தற்செயலான சிறு பகுதி ஒன்று கலக்கப்படுகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு என்பதாம். அன்றைய முறையில் உப்பு 4,096 வகைகளில் ஒன்றாக இருந்தது. கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன.

கணினிகளின் வேகம் பெருகவே, அம்முறையைக் கைவிட்டுக் கடினமான முறைகள் பின்னர் வகுக்கப்பட்டன. இன்றைய லினக்ஸில் ஹாஷின் முன்னே டாலர் குறிகளுக்கிடையே ஓர் அடையாளம் காணப்படும். 1 என்பது எம்.டி.5 முறையையும், 6 என்பது எஸ்.ஹெச்.ஏ.-512 முறையையும், ஆங்கில எழுத்து வரிசையின் 25ஆம் எழுத்து யெஸ்க்ரிப்ட் முறையையும் காட்டும். 2021இல் வெளியான டெபியன் 11ஆம் பதிப்பில், புதிதாக அமைக்கப்படும் கடவுச்சொற்கள் யெஸ்க்ரிப்ட் முறையைப் பெறலாயின. அத்தகைய யந்திரத்தின் கடவுச்சொற் கோப்பை, யெஸ்க்ரிப்ட் அறியாத வேறோர் அமைப்புக்கு மாற்றினால், கோப்பு பிழையின்றி இருந்தும் ஒப்பீடு நடைபெறாது. எதிர்த் திசையிலும் இடர் உண்டு. பலவீனமான மிகப் பழைய முறைகளைப் புதிய அமைப்புகள் சில ஏற்க மறுக்கின்றன.

டவ்காட் தனக்கென வைத்துக்கொள்ளும் கடவுச்சொற் கோப்பில், ஹாஷின் முன்னே முறையின் பெயரை அடைப்புக் குறிக்குள் எழுதலாம். எழுதாவிடில், அமைப்புக் கோப்பில் குறித்த பொது முறை கொள்ளப்படும். பழைய யந்திரத்தில் அப்பொது முறை மாற்றி அமைக்கப்பட்டிருந்து, புதியதில் அவ்வரி விடுபட்டுப்போனால், எல்லாக் கடவுச்சொற்களும் ஒருங்கே தவறாகிவிடும். 2025இல் வெளியான டவ்காட் 2.4இன் அமைப்புக் கோப்பு, 2.3க்குரிய கோப்புடன் இயைபுடையதன்று. ஆகவே பழைய கோப்பை அப்படியே பிரதி செய்வது அங்கே உதவாது. ஒவ்வொரு வரியின் கருத்தையும் உணர்ந்து புதிதாக எழுதுதல் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. 1997இல் வகுக்கப்பட்ட கிராம்-எம்.டி.5 என்னும் சோதனை முறையில் பயனரின் நிரல் கடவுச்சொல்லை அனுப்புவதில்லை. சர்வர் இடும் புதிருக்கு அதைக்கொண்டு விடை கணித்து அனுப்புகிறது. விடையைச் சரிபார்க்கச் சர்வரிடம் கடவுச்சொல்லோ அதற்கு நிகரான ஒன்றோ இருந்தாக வேண்டும். யூனிக்ஸின் சாதாரண ஹாஷ் மட்டும் உள்ள யந்திரத்தால் அது இயலாது. பழைய சர்வரில் இம்முறைக்குப் பழகிய பயனரின் நிரல், புதிய சர்வரும் தவறுதலாக அதை அறிவிக்குமானால், அதையே தேர்ந்து தோல்வியுறும். சர்வர் தன்னால் இயன்ற முறைகளை மட்டுமே அறிவிக்கச் செய்வது இதற்குப் பரிகாரம்.

பயனர் பெயரின் வடிவமும் ஒத்திருக்க வேண்டும். சிலர் பெயரை மட்டும் இடுவர். சிலர் முழு மின்னஞ்சல் முகவரியையும் இடுவர். இடையிலுள்ள நிரல் முகவரியின் பிற்பகுதியை வெட்டிவிட்டால், முழு முகவரிகளைக் கொண்ட கோப்பில் அப்பெயர் கிடைக்காது. பதிவேட்டில் காணும் பெயரையும் கோப்பில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இது புலப்படும்.

பெயருக்குப் பின்னுள்ள எண்

கடவுச்சொல் ஏற்கப்பட்டும் பயனர் உள்ளே செல்ல இயலாத நிலையும் உண்டு. லினக்ஸ் கணினி ஒருவரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணாலேயே அறிகிறது. கோப்புகளின் உடைமையும் அவ்வெண்ணாலேயே குறிக்கப்படுகிறது. ரெட் ஹாட் லினக்ஸின் 6ஆம் வெளியீடு வரை சாதாரணப் பயனர்களின் எண்கள் 500இலிருந்து தொடங்கின. 2014இல் வந்த 7ஆம் வெளியீடு முதல் 1000இலிருந்து தொடங்குகின்றன. புதிய யந்திரத்தில் பயனர்களை மறுபடி உண்டாக்கி, கடிதக் கோப்புறைகளைப் பழைய எண்களுடனேயே பிரதி செய்தால், பயனர் ஒருவர், அவருடைய கடிதங்களின் உடைமையாளர் வேறொருவர் என்றாகிவிடும். வாயிற் காவலர் உள்ளே விட்டும் பெட்டியின் பூட்டு திறவாத நிலை இது. இங்கே கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. உடைமை எண்களைச் சரிசெய்வதே வழி.

சான்றிதழ், கடிகாரம், முகவரி

கடவுச்சொல் சர்வரை அடைவதற்கு முன்னரே முயற்சி நின்றுவிடுவதும் உண்டு. சான்றிதழில் குறித்த பெயரும் பயனர் நாடிய பெயரும் வேறுபட்டால், பயனரின் நிரல் இணைப்பைத் துண்டித்துவிடும். இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டாலும் அவ்வாறே நேரலாம். புதிய யந்திரத்தின் கடிகாரம் பிந்தியிருந்தால் அதைச் சார்ந்த வேறு சோதனைகளும் பிழைபடும். கெர்பரோஸ் என்னும் சோதனை முறை, வழக்கமான அமைப்பில் 5 நிமிடங்களுக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. மறையாக்க நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் 2021இல் கைவிடப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த பழைய கைப்பேசிகளும் அச்சு யந்திரங்களும் புதிய சர்வருடன் இணைய இயலாமற் போகலாம்.

பல சர்வர்கள் மறையாக்கம் நிலைபெற்ற பின்னரே அடையாளச் சோதனை உண்டென அறிவிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. அங்கே சான்றிதழ் பழுதுபட்டால், 'இந்தச் சர்வரில் அடையாளச் சோதனை இல்லை' எனப் பயனரின் நிரல் கூறும். செய்தி சோதனையைப் பற்றியது. பழுதோ சான்றிதழில் உள்ளது.

ஒருவருக்கே அலுவலகத்தில் இயலுகிறது, இல்லத்தில் இயலவில்லை என்றால், இரு இடங்களும் வெவ்வேறு யந்திரங்களை அடைகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். சர்வரின் பெயருக்குரிய முகவரியை இடைநிலைக் கணினிகள் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86,400 விநாடிகள் எனக் குறிக்கப்பட்டிருந்தால், ஒரு நாள் வரை சிலர் பழைய யந்திரத்தையே அடைந்துகொண்டிருப்பர்.

பழுது நீங்கிய பின்னும் தொடரும் தோல்வி

சில சர்வர்களில் ஃபெயில்-டு-பேன் போன்ற காவல் நிரல்கள் இயங்குகின்றன. ஒரே முகவரியிலிருந்து பன்முறை தோல்வி நேர்ந்தால் அம்முகவரியைச் சிறிது காலம் தடுத்துவிடுவது இவற்றின் தொழில். சர்வர் பழுதாயிருந்த நேரத்தில் ஊழியர்களின் கைப்பேசிகள் தாமாகவே மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கும். அலுவலகம் முழுவதும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாகத் தோன்றுவதால், அனைவரும் ஒருங்கே தடுக்கப்படுவர். பழுதைச் சரியாகவே நீக்கியவர், பலன் தெரியாமையால் தாம் செய்த திருத்தம் தவறெனக் கருதி அதைக் கலைத்துவிடக்கூடும். ஆகையால் ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் தடுப்புப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும்.

விசாரணையின் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து விசாரணைக்குரிய முறை தானே பெறப்படும். உள்ளிருந்து வெளியே செல்வது நலம். முதலில் கடவுச்சொற் கோப்பும் அதன் ஹாஷ் முறையும், பின்னர் சோதனை நிரல், அதன்பின் சாக்கெட், அடுத்து போஸ்ட்ஃபிக்ஸ், அடுத்து மறையாக்கம், இறுதியில் வெளி முகவரி. ஒரு கண்ணி உறுதியான பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். ஒரு வேளையில் ஒரே மாற்றத்தைச் செய்து, செய்த நேரத்துடன் எழுதிவைத்தல் வேண்டும். இரு மாற்றங்களை ஒருங்கே செய்தால், பயன் தந்தது எது என்பது தெரியாமற் போகும்.

சோதனைக்கென ஒரு தனிப் பயனர் பெயரை உண்டாக்கிக்கொள்வது நன்று. சாஸலின் எளிய முறையில் கடவுச்சொல், பேஸ்64 என்னும் வேறு எழுத்து வடிவில் எழுதப்படுகிறதேயன்றி மறைக்கப்படுவதில்லை. அதை எவரும் நொடிப் பொழுதில் திரும்ப வாசிக்கலாம். உதவி வேண்டிப் பிறருக்கு அனுப்பும் பதிவுகளில் ஊழியரின் உண்மைக் கடவுச்சொல் இவ்வாறு வெளியாகிவிடக்கூடும்.

குறுக்குவழியின் விலை

அஞ்சல் நின்றுபோன அலுவலகத்தில் நெருக்கடி மிகுதி. அந்நேரத்தில் மூன்று குறுக்குவழிகள் மனத்தைக் கவரும். சாக்கெட்டையும் கடவுச்சொற் கோப்பையும் எல்லாரும் அணுகும்படி திறந்துவிடுவது ஒன்று. மறையாக்கக் கட்டாயத்தை நீக்கிவிடுவது மற்றொன்று. இன்னின்ன முகவரிகளிலிருந்து வருவோருக்குச் சோதனையே வேண்டாம் எனப் பட்டியலை விரித்துவிடுவது மூன்றாவது. மூன்றும் உடனே பலன் தருவன போலத் தோன்றும்; அதுவே அவற்றின் ஆபத்து. பலன் தந்த ஏற்பாட்டை மீண்டும் தொடுவதற்கு ஒருவரும் துணியார். தற்காலிகம் என்று செய்தது நிரந்தரமாகிவிடும்.

இவற்றுள் மூன்றாவது வழி, சர்வரை 1982ஆம் ஆண்டின் நிலைக்கே திருப்பிவிடக்கூடியது. பட்டியல் சிறிது அதிகமாக விரிந்தாலும் அயலார் அதன் வழியே குப்பை அஞ்சலை அனுப்பத் தொடங்குவர். தடைப் பட்டியல்களில் அச்சர்வரின் முகவரி ஏறிவிடும். பின்னர் அந்நிறுவனத்தின் நேர்மையான கடிதங்களும் பிறரால் மறுக்கப்படும். ஒரு நாள் அஞ்சல் நின்றதை விட இது பெரிய நஷ்டம். பட்டியல்களிலிருந்து பெயரை நீக்குவித்து நம்பிக்கையை மீட்பதற்கு நெடுநாளாகும்.

நெருக்கடியைத் தவிர்க்க முன்னேற்பாடே சிறந்தது. மாற்றத்திற்குச் சில நாட்கள் முன்னதாகவே முகவரியின் நினைவுக் காலத்தை 300 விநாடிகளாகக் குறைத்து வைக்கலாம். பயனர் எண்கள், குழுக்கள், ஹாஷ் முறை, சாக்கெட் இடம், சான்றிதழில் உள்ள பெயர் ஆகியவற்றைப் பழைய யந்திரம் இயங்கும்போதே பட்டியலிட்டுக்கொள்ளலாம். சோதனைப் பயனர் ஒருவரைக்கொண்டு புதிய யந்திரத்தில் படித்தலும் அனுப்புதலும் முன்னரே நடத்திப் பார்க்கலாம். தவறான கடவுச்சொல் மறுக்கப்படுகிறது என்பதையும், அடையாளம் காட்டாதவரின் கடிதம் வெளியே அனுப்பப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சோதித்தல் வேண்டும். பழைய யந்திரத்தைச் சில வாரங்களேனும் அழிக்காமல் வைத்திருத்தல் நலம். ஏனெனில், எழுதிவைக்கப்படாத உடன்பாடுகளுக்கு அதுவே கடைசிச் சாட்சியாகும்.